எம்டனுக்குச் சோறு போட்ட கப்பல்

பதிவு கொஞ்சம் நீளம். ஒரு காப்பி போட்டு எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

"அவன் சரியான எம்டன்பா" என்று நம் வீடுகளில் சொல்வோம். யாருக்கும் பிடிபடாதவன், கில்லாடி, கொஞ்சம் பயப்பட வேண்டிய ஆள் என்று பொருள். வகுப்பில் எனக்கே அந்தப் பெயர் இருந்தது என்று பிற்பாடு சிலர் சொல்லித் தெரிந்துகொண்டேன்! ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர் நூறு ஆண்டுக்கும் மேலாகத் தமிழ்ச் சொல்லாகவே புழங்குகிறது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னை மீது குண்டு போட்ட கப்பல் அது. இது உங்களில் பலருக்குத் தெரியும்.

ஆனால் அந்தக் கப்பல் சீனாவிலிருந்து சென்னை வரை எதைத் தின்று வந்தது? அதற்கு யார் சோறு போட்டது? பத்தாம் வகுப்பில் முதல் உலகப் போர் நடத்திய ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றும். பாடத்தை முடிக்கிற அவசரத்தில் போய்விடும். இப்போது நேரம் இருக்கிறது. சொல்கிறேன்.

எம்டன் பெரிய கப்பல் இல்லை. சுமார் 3,600 டன் எடை, 10 பீரங்கிகள். நிலக்கரியில் ஓடும் கப்பல். சூளை பார்த்து வளர்ந்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். பீங்கான் வேக 1,200 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். நெருப்பை ஏற்றிவிட்டால் பிறகு வேறு நினைப்பே கிடையாது. எரிபொருள் இருக்கிறதா, இன்னும் எவ்வளவு நேரத்துக்கு வரும் என்பதுதான் நினைப்பு. நடுவில் சூடு இறங்கினால் அடுக்கிய சரக்கெல்லாம் போச்சு. எம்டன் என்பது கடலில் மிதந்த ஒரு சூளை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் கரி அறைகளில் 900 டன்கூடக் கொள்ளாது. வேகமாக ஓடினால் அதுவும் சில நாளில் காலி. கரி தீர்ந்தால் பீரங்கி இருந்தும் பயனில்லை, அலையில் ஆடும் இரும்புப் பெட்டிதான்.

பிரிட்டனுக்கு இந்தக் கவலை குறைவு. ஏடன், கொழும்பு, சிங்கப்பூர், ஹாங்காங் என்று வழி நெடுக அவர்களுக்குக் கரித் துறைமுகங்கள் இருந்தன. கரி இன்ஜின் காலத்தில் நம் ஜங்ஷனில் வண்டி நின்று தண்ணீர் பிடித்துப் போகுமே, அதுபோல அவர்கள் கப்பல்கள் நின்று நின்று கரி ஏற்றிப் போகும். ஜெர்மனிக்குக் கிழக்கே இருந்த ஒரே பெரிய கடற்படைத் தளம் சீனக் கரையில் உள்ள சிங்தாவ். ஜப்பானும் பிரிட்டன் பக்கம் சேரப் போகிறது என்றதும் அதுவும் கைவிட்டுப் போகும் நிலை.

1914 ஆகஸ்ட் நடுவில் பசிபிக் கடலின் பாகன் தீவில் ஜெர்மன் கடற்படைத் தலைவர் ஷ்பே தன் கப்பல் தலைவர்களைக் கூட்டினார். மொத்தப் படையும் இந்தியப் பெருங்கடலுக்குப் போனால் அத்தனை கப்பலுக்கும் கரி போட முடியாது. தென் அமெரிக்காப் பக்கம் போனால் நடுநிலை நாடுகளில் வாங்கிக்கொள்ளலாம். அப்போது எம்டனின் தலைவர் கார்ல் ஃபான் முல்லர் ஒரு யோசனை சொன்னார்: ஒரே ஒரு சிறு கப்பல் மட்டும் இந்தியப் பெருங்கடலுக்குப் போகட்டும், தனக்கு வேண்டிய கரியை எதிரியின் கப்பல்களைப் பிடித்தே அது எடுத்துக்கொள்ளும். ஷ்பே ஒப்புக்கொண்டார். ஆக, எம்டன் நம் பக்கம் தனியாக வந்ததற்கு வீரம் மட்டும் காரணமில்லை, கரிக்கணக்கும் ஒரு காரணம்.

தனியாக என்று சொன்னேன். அது முழு உண்மை இல்லை. அதன் பின்னால் இன்னொரு கப்பலும் வந்தது. மார்க்கோமானியா என்று பெயர். ஹாம்பர்க்-அமெரிக்கா கம்பெனியின் சரக்குக் கப்பல். வயிறு நிறைய சுமார் 5,000 டன் நிலக்கரி. இதுதான் எம்டனின் சோற்று மூட்டை.

கடலில் கரி மாற்றுவது என்ன வேலை தெரியுமா? இரண்டு கப்பலையும் அலை குறைந்த இடமாகப் பார்த்து நிறுத்தி, பக்கத்தில் பக்கமாகக் கட்ட வேண்டும். உரசி நசுங்காமல் நடுவே தடுப்புகள் போட வேண்டும். பிறகு கரியை மூட்டை மூட்டையாக மனிதர்கள் தூக்கி மாற்ற வேண்டும். அதிகாரி, சிப்பாய் என்ற பேதமில்லாமல் எல்லார் முகமும் கறுத்துவிடும். வங்கக் கடல் வெயிலில் நாள் முழுக்க இந்த வேலை. அந்த நேரத்தில் எதிரி வந்துவிட்டால் ஓடவும் முடியாது, சுடவும் முடியாது. அதனால் ஒதுக்குப்புறமான தீவுகளைத் தேடிப் போனார்கள். சுமத்ரா அருகே சிமலூர், பிறகு மாலத்தீவு, அப்புறம் டியேகோ கார்சியா. அக்டோபர் 9 அன்று எம்டன் டியேகோ கார்சியாவுக்குப் போனபோது அந்தத் தீவுக்காரர்களுக்கு உலகப் போர் தொடங்கிய சேதியே தெரியாது! எம்டன் ஆட்கள் அங்கே நிம்மதியாகக் கரி ஏற்றிக்கொண்டு, தீவு மேலாளரின் பழுதான மோட்டார் படகையும் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போனார்கள்.

செப்டம்பர் 10 முதல் வங்கக் கடலில் வேட்டை. முதலில் சிக்கியது பொன்டோபோரஸ் என்ற கிரேக்கக் கப்பல். அதில் இருந்தது நம் இந்தியக் கரி, 6,000 டன்னுக்கு மேல். அதை எரித்தால் கரும்புகை கக்கும், வெப்பமும் குறைவு. ஒளிந்து திரியும் கப்பலுக்குக் கரும்புகை ஆகுமா? பக்கத்து நெய்வேலி பழுப்பு நிலக்கரியைப் பார்த்தவர்களுக்குக் கரியில் ரகம் என்றால் என்ன என்று புரியும். எம்டன் ஆசைப்பட்டது வேல்ஸ் நாட்டுக் கரிக்கு. புகை குறைவு, சூடு அதிகம். அடுத்து சிக்கிய இண்டஸ் என்ற கப்பலில் நிறைய சோப்பு இருந்தது. கரியில் புரண்ட அந்த ஆட்களுக்கு அது எவ்வளவு பெரிய வரம் என்று யோசித்துப் பாருங்கள்.

பிறகுதான் சென்னை. செப்டம்பர் 22, இரவு 9.30 மணி அளவு. துறைமுகத்தில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் வெள்ளையாக நின்றன. எம்டன் விளக்கைப் போட்டுப் பார்த்துச் சுட ஆரம்பித்தது. சுமார் அரை மணி நேரம், 125-க்கும் மேற்பட்ட குண்டுகள். தொட்டிகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற சரக்குக் கப்பல் ஒன்றிலும் குண்டு விழுந்து ஆட்கள் இறந்தார்கள். மறுநாள் தொடங்கிச் சென்னை மக்கள் ஆயிரக்கணக்கில் ரயிலேறி ஊரைவிட்டு ஓடினார்கள். உயர் நீதிமன்ற மதிலில் அந்த இரவின் நினைவாக ஒரு கல்வெட்டு இருக்கிறது. சென்னை போகிறவர்கள் பாருங்கள்.

ஒன்று கவனித்தீர்களா? தன் எரிபொருளுக்காகத் தவித்துக்கொண்டிருந்த கப்பல், எதிரியிடம் குறிபார்த்து அடித்ததும் எரிபொருளைத்தான்.

செண்பகராமன் பிள்ளை எம்டனில் வந்தார் என்று சிலர் கேட்பீர்கள். நானும் சிறு வயதில் கேட்டு வளர்ந்த கதைதான். அவர் பெரிய தேசபக்தர், சந்தேகமில்லை. ஆனால் அந்த மாதங்களில் அவர் சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் விடுதலைக்கான சங்க வேலையில் இருந்தார். கப்பலில் இருந்ததற்கு ஆவணச் சான்று இல்லை. அவர் பெருமைக்கு இந்தக் கதையின் உதவி தேவையும் இல்லை.

சென்னையை விட்ட எம்டன் இலங்கைப் பக்கம் போனது. செப்டம்பர் 27 அன்று அதற்குப் புதையல் கிடைத்தது. புரெஸ்க் என்ற பிரிட்டிஷ் கப்பல். உள்ளே 6,600 டன் முதல் தர வேல்ஸ் கரி. யாருக்குப் போகிற கரி? பிரிட்டிஷ் கடற்படைக்கு! தன்னைத் தேடுகிற கப்பல்களுக்கு வந்த சோற்றை எம்டன் தானே எடுத்து உண்டது. கப்பலை மூழ்கடிக்காமல் தன் ஆட்களை ஏற்றி, இரண்டாவது சோற்று மூட்டையாகக் கூடவே வைத்துக்கொண்டது.

மார்க்கோமானியா என்ன ஆனது? தன்னிடம் மிச்சமிருந்த கரியை எம்டனுக்குக் கொடுத்துவிட்டு, சுமத்ரா அருகே நிறுத்தி வைத்திருந்த பொன்டோபோரஸைச் சந்திக்கத் தனியே போனது. அக்டோபர் 12 அன்று யார்மத் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் இரண்டையும் பிடித்தது. பொன்டோபோரஸ் கைப்பற்றப்பட்டது, மார்க்கோமானியா மூழ்கியது. இதில் விதியின் விளையாட்டைப் பாருங்கள். எம்டனுக்குப் புகைபோக்கி மூன்று. ஆள் மாறாட்டத்துக்காக நாலாவதாகப் பொய்ப் புகைபோக்கி ஒன்றைக் கட்டிக்கொண்டு, தூரத்தில் பார்த்தால் யார்மத் போலத் தெரியும்படி அது திரிந்தது. எந்தக் கப்பலின் வேஷத்தை எம்டன் போட்டதோ, அந்தக் கப்பலே எம்டனின் அன்னதாதாவை முடித்துவிட்டது.

நவம்பர் 9. கோகோஸ் தீவுகள். எம்டன் சுமார் 50 பேரைக் கரையிறக்கி, அங்கிருந்த தந்திக் கம்பி நிலையத்தை உடைக்க அனுப்பியது. அந்த நேரத்தில் புரெஸ்க்கை வரச்சொல்லிக் கம்பியில்லாத் தந்தியும் கொடுத்தது. கரி ஏற்ற வேண்டும். சிறிது நேரத்தில் தொடுவானத்தில் புகை தெரிந்தது. வருவது புரெஸ்க்தான் என்று நினைத்தார்கள். வந்தது ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி. பெரிய பீரங்கி, கூடுதல் வேகம். எம்டன் கரையிறக்கிய ஆட்களை விட்டுவிட்டே கிளம்ப வேண்டியதாயிற்று. அடிபட்டுச் சிதைந்து பக்கத்துத் தீவின் பவளப் பாறையில் ஏறி நின்றது. 130-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிறகு உண்மையான புரெஸ்க் வந்தது. சிட்னி அதைத் துரத்தியதும் உள்ளே இருந்த ஜெர்மானியர்களே தண்ணீர்க் குழாயைத் திறந்து மூழ்கடித்தார்கள். சோறு வருகிறது என்று காத்திருந்தவனிடம் எமன் வந்து நின்ற கதை.

மூன்றே மாதத்தில் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களைப் பிடித்த எம்டனின் பெயர் நம் மொழியில் நின்றுவிட்டது. சினிமாத் தலைப்பாகவும் ஆகிவிட்டது. மார்க்கோமானியாவை யாருக்குத் தெரியும்? அது இல்லாமல் எம்டன் சென்னைக் கரையைப் பார்த்திருக்கவே முடியாது.

இதற்குப் பின்னால் ஒரு பெரிய மாற்றம் வந்தது: கரி போய் எண்ணெய் வந்தது. எண்ணெயில் சூடு அதிகம், ஆள் குறைவு. எல்லாவற்றையும் விட, எண்ணெய் குழாயில் ஓடும். மூட்டை தூக்க வேண்டாம், தீவு தேடி ஒதுங்க வேண்டாம். கப்பல்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஊற்றலாம். 1917-இல் அமெரிக்கா போரில் இறங்கியதும், மாமி என்ற அமெரிக்க எண்ணெய்க் கப்பல் அட்லாண்டிக் நடுவில் நின்று, ஐரோப்பா போகிற சிறு போர்க்கப்பல்களுக்கு ஓட்டத்திலேயே எண்ணெய் கொடுத்தது. (மாமி என்றதும் சிரிக்காதீர்கள், ஓர் ஆற்றின் பெயர் அது.) அந்த முறையை வகுத்தவர்களில் ஒருவர் அக்கப்பலின் இளம் அதிகாரி செஸ்டர் நிமிட்ஸ். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பசிபிக் கடற்படையை நடத்தியவர் இவரே.

அந்தப் போரில் ஜெர்மனி, மற்ற நீர்மூழ்கிகளுக்குக் கடலிலேயே எண்ணெய் கொடுக்கத் தனியாக 10 நீர்மூழ்கிகளைக் கட்டியது. அவற்றுக்குப் பட்டப்பெயர் 'கறவை மாடு'. பத்தையும் எதிரிகள் தேடித் தேடி மூழ்கடித்தார்கள். மடியை அறுத்தால் கன்றுகள் தானே சாகும் என்ற கணக்கு.

இன்றைக்கு இந்த வேலை எப்படி நடக்கிறது? இரண்டு கப்பலும் முப்பது, நாற்பது மீட்டர் இடைவெளியில், ஒரே திசையில், ஒரே வேகத்தில் ஓட வேண்டும். ஒரு துப்பாக்கியால் மெல்லிய கயிற்றைச் சுட்டு அனுப்புவார்கள். அதில் தடித்த கயிறு, அதில் இரும்புக் கம்பி வடம், அதில் தொங்கும் எண்ணெய்க் குழாய் என்று ஒவ்வொன்றாக இழுப்பார்கள். இரண்டு கப்பலுக்கும் நடுவே ஓடும் தண்ணீர் வேகமெடுப்பதால் கப்பல்கள் ஒன்றையொன்று உறிஞ்சி இழுக்கும். பெர்னூலி விதி படித்தது நினைவிருக்கிறதா? அதுதான். சுக்கான் பிடிப்பவர் கண் இமைத்தால் மோதல். மணிக்கணக்கில் இப்படியே போக வேண்டும். எண்ணெய் மட்டுமில்லை, குடிநீர், அரிசி, காய்கறி, குண்டு, உதிரிபாகம் எல்லாம் இப்படித்தான் போகும்.

நம் கடற்படைக்கு வருகிறேன். டிசம்பர் 4 கடற்படை நாள். 1971-இல் அந்த இரவு கராச்சியைத் தாக்கிய நிபாத், நிர்காத், வீர் என்ற ஏவுகணைப் படகுகளை நினைத்துத்தான் அந்த நாள். அந்தப் படகுகள் சிறியவை, அதிக தூரம் போகும் அளவுக்கு எரிபொருள் கொள்ளாதவை. அந்தப் படையோடு போன எண்ணெய்க் கப்பலின் பெயர் போஷக். போஷிப்பது, ஊட்டி வளர்ப்பது என்று பொருள். நாம் சொல்லும் 'போஷாக்கு' அதே வேரில் வந்ததுதான். பெயர் வைத்தவர் வாழ்க!

1967-இல் வந்த பெரிய எண்ணெய்க் கப்பல் தீபக், பிறகு 1970-களில் வந்த சக்தி, இரண்டும் ஜெர்மனியின் பிரேமன் நகரில் கட்டியவை. 2006 ஜூலையில் லெபனானில் போர் மூண்டபோது மத்தியதரைக் கடல் பயணம் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த மும்பை, பிரம்மபுத்ரா, பேத்வா என்ற மூன்று போர்க்கப்பல்களைத் திருப்பி அனுப்பினார்கள். நான்காவதாகக் கூடவே இருந்தது கிழட்டுச் சக்தி. பெய்ரூட்டிலிருந்து இந்தியர், இலங்கையர், நேபாளியர் என்று சுமார் 2,280 பேரை அந்தப் படை மீட்டது. வீட்டுக்குத் திரும்புகிற கப்பல்களை "இன்னும் கொஞ்ச நாள் இருங்கள்" என்று சொல்ல முடிந்ததென்றால், பக்கத்தில் எண்ணெய்க் கப்பல் இருந்ததும் அதற்கு ஒரு காரணம். மறு ஆண்டே சக்தி ஓய்வு பெற்றது. 2004 சுனாமியில் நம் கடலூர்க் கரை அழுதுகொண்டிருந்த அதே நாட்களில் மாலத்தீவுக்கு உதவப் போன கப்பல்களில் ஆதித்யாவும் ஒன்று. அதுவும் இந்த வகைதான், கொல்கத்தாவில் கட்டியது.

இப்போது ஓடும் புதிய தீபக்கும் புதிய சக்தியும் 2011-இல் இத்தாலியிலிருந்து வந்தவை. ஒவ்வொன்றும் 27,500 டன். ஒரே நேரத்தில் 4 கப்பல்களுக்கு ஊட்டும். மணிக்கு 1,500 டன் எண்ணெய் வரை மாற்றும். எம்டனின் மொத்தக் கரி எடையை அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலில் கொடுத்துவிடும்.

அடுத்தது, இந்தப் பதிவை எழுதத் தூண்டிய விஷயம். கடற்படையில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் விடுமுறையில் வந்து பார்த்தான். "எந்தக் கப்பல்டா?" என்றேன். கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "சண்டைக் கப்பல் இல்ல சார், எண்ணெய்க் கப்பல்தான்" என்றான். அந்த 'தான்' எனக்குப் பிடிக்கவில்லை. அவனுக்குப் பெண் பார்க்கிற இடத்தில்கூட யாரோ, "துப்பாக்கி பிடிக்கிற வேலை இல்லையா?" என்று கேட்டார்களாம். அவனுக்குச் சொன்னதைத்தான் இவ்வளவு நேரமாக உங்களுக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நம் ஊர்ச் சரக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் பீங்கான் பொம்மையைக் கையில் எடுப்பவர், வண்ணம் தீட்டிய கையைப் பாராட்டுவார். இரவெல்லாம் கண்விழித்துச் சூளைக்குத் தீ பார்த்தவரை யார் கேட்கிறார்கள்? பொம்மை உடையாமல் வந்ததற்கு அவர் பாதிக் காரணம். பள்ளிக்கூடத்தில் முதல் மதிப்பெண் வாங்கியவன் படம் பேப்பரில் வரும். காலை நாலு மணிக்கு எழுந்து அவனுக்குச் சோறு கட்டிக் கொடுத்த அம்மா படம் வராது. பதிவைப் படிப்பவர்களில் பலர் ஆபீஸில், ஆஸ்பத்திரியில், பட்டறையில் இந்த எண்ணெய்க் கப்பல் வேலையைத்தான் செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். 'தான்' போடாமல் சொல்லிப் பழகுங்கள்.

இன்னொரு நல்ல செய்தி. 2023 ஆகஸ்டில் இதுபோன்ற 5 கப்பல்கள் கட்ட விசாகப்பட்டினம் இந்துஸ்தான் கப்பல் கட்டும் தளத்தோடு அரசு ஒப்பந்தம் போட்டது. மதிப்பு சுமார் 19,000 கோடி ரூபாய். ஒவ்வொன்றும் 40,000 டன்னுக்கு மேல். அதில் இரண்டைக் கட்டும் பொறுப்பு நம் காட்டுப்பள்ளி தளத்துக்கு வந்திருக்கிறது. காட்டுப்பள்ளி எங்கே இருக்கிறது? எண்ணூருக்குப் பக்கத்தில், எம்டன் வந்து சுட்ட அதே சென்னைக் கரைக்குக் கொஞ்சம் வடக்கே. அங்கே தகடு வெட்டுகிற, பற்றவைக்கிற பிள்ளைகளில் நம் மாவட்டத்துப் பையன்களும் இருப்பார்கள் என்று நம்புகிறேன். இருந்தால் கீழே கமெண்டில் ஒரு வார்த்தை எழுதுங்கள், மகிழ்வேன்.

வாத்தியார் என்றால் வீட்டுப்பாடம் இல்லாமல் முடியுமா? இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு ஓர் உலக வரைபடத்தை விரித்து வையுங்கள். சிங்தாவ், பாகன், சிமலூர், சென்னை, மாலத்தீவு, டியேகோ கார்சியா, கோகோஸ் என்று எம்டன் போன வழியைப் பென்சிலால் கோடு போடுங்கள். குண்டு போட்ட இடத்துக்குச் சிவப்புப் புள்ளி. கரி ஏற்றிய இடத்துக்குக் கறுப்புப் புள்ளி. பிறகு கறுப்புப் புள்ளிகளை ஒவ்வொன்றாக அழித்துவிட்டு, கப்பல் எதுவரை போயிருக்கும் என்று பிள்ளையிடம் கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்குச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்,
விருத்தாசலம்